தோளின் சாய்வும் ஹேங்கரின் கணக்கும்

ஆடை வடிவமைப்பும் பின்னலாடைத் தொழிலும் அறிந்தவர்கள் நிறைந்த அரங்கில் ஹேங்கரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஒரு சட்டையைத் தைக்க நாம் போடும் கணக்குக்குக் குறைவில்லை. காலருக்கு எந்த கேன்வாஸ், ஆம்ஹோலுக்கு எவ்வளவு வளைவு, துணிக்கு எத்தனை ஜி.எஸ்.எம். என்று ஒவ்வொன்றையும் அளந்து பார்த்துத்தான் வெட்டுகிறோம். அந்தச் சட்டை மனிதர் உடம்பில் இருப்பதோ மாதத்தில் நாலைந்து நாள். கோட்டாக இருந்தால் வருடத்துக்கு ஏழெட்டு முறை. மீதிக் காலம் முழுவதும் அது பீரோவுக்குள் தொங்குகிறது. அத்தனை காலம் அதைத் தாங்கும் தோள் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. கடையில் ‘அட்ஜஸ்ட் செய்யலாம்’ என்ற பெயரில் விற்கும் ஹேங்கர்களில் பெரும்பாலானவை அகலத்தை மட்டுமே கூட்டிக் குறைக்கின்றன. ஆடையின் உருவம் கெடுவதற்கு அகலம் மூன்றாவது காரணம்தான் என்பது என் கட்சி. முதல் காரணம் தாங்கும் பரப்பு, இரண்டாவது சாய்வு. இந்த வரிசையை மறந்துவிட்டு வடிவமைத்தால் எத்தனை பொத்தானும் பற்சக்கரமும் வைத்தாலும் சட்டையின் தோளில் இரண்டு கொம்பு முளைப்பதைத் தடுக்க முடியாது.

முதலில் பரப்பு. கம்பி ஹேங்கரின் பிறப்பைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் கம்பிச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1903இல் அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் பார்க்ஹவுஸ் என்பவர் கோட்டை மாட்டப் போனபோது கொக்கிகள் எல்லாம் நிரம்பியிருந்தனவாம். கையில் கிடைத்த கம்பியை வளைத்து மாட்டினாராம். கதை எப்படியோ இருக்கட்டும், அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1932இல் ஷைலர் ஹூலெட் என்பவர் அந்தக் கம்பியின்மேல் அட்டைக் குழாயைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கம்பி துணியில் தடம் பதித்தது. துணிக்கும் கம்பிக்கும் நடுவே பருமன் தேவைப்பட்டது. அந்தக் காப்புரிமையின் அக்கறை அகலத்தை மாற்றுவது அல்ல. தடித்த பரப்பு வேண்டும் என்பதுதான் பயன்படுத்தியவர்களுக்கு உறைத்தது.

ஏன் உறைத்தது என்பதைக் கணக்கில் பார்க்கலாம். 250 கிராம் எடையுள்ள ஒரு சட்டை. கம்பியின் பருமன் 2 மில்லிமீட்டர். ஒவ்வொரு தோளிலும் 15 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கம்பி துணியைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சேர்த்துத் தாங்கும் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 42 கிராம் சுமை. அதே சட்டையை 4 சென்டிமீட்டர் அகலத் தோளுள்ள மர ஹேங்கரில் மாட்டினால் பரப்பு 120 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. சுமை 2 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இருபது மடங்கு வித்தியாசம். சட்டை நனைந்திருந்தால் எடை கூடும், இரண்டு கணக்கும் சேர்ந்தே ஏறும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கம்பளிக் கோட்டைக் கம்பியில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கோட் ஹேங்கரின் தோள் முனை மட்டும் அகன்று, கொஞ்சம் முன்பக்கமாக வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்காக அல்ல. மனிதத் தோளே முன்பக்கமாக வளைந்ததுதான். தையல்காரர் அந்த வளைவைக் கோட்டுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார். தட்டையான ஹேங்கர் அந்த வேலையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறது.

இந்தச் சுமையைத் துணி எப்படி எதிர்கொள்கிறது என்பது துணியின் அமைப்பைப் பொறுத்தது. தறியில் நெய்த துணியில் பாவும் ஊடையும் நேர்கோட்டில் கிடக்கின்றன. நேராக இழுத்தால் நூலே நீள வேண்டும், அதனால் எளிதில் கொடுக்காது. பனியன் துணி வேறு. அது வளையம் வளையமாகக் கோத்த துணி. இழுத்தால் நூல் நீள வேண்டிய அவசியமே இல்லை, வளையத்தின் உருவம் மாறினால் போதும். வட்டமான வளையம் நீளமாகும். உடம்பு நீண்டு பக்கம் சுருங்கும். திருப்பூரில் டி-ஷர்ட்டின் தோள் தையலுக்குள் டேப் வைத்துத் தைப்பது இதனால்தான். அந்தத் தையல் நீளாது. ஆனால் ஹேங்கரின் முனை உட்காருவது எப்போதும் தையல்மேல் என்று சொல்ல முடியாதே! ஒரு விரல் தள்ளி உட்கார்ந்தால் டேப் இருந்தும் பயனில்லை. கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டிய நெய்த துணியும் ஏறக்குறைய பனியன் துணி மாதிரியே நடந்துகொள்ளும். அம்பிரல்லா கட் சுடிதாரின் அடியை மடித்துத் தைப்பதற்கு முன் அதை ஒருநாள் தொங்கவிட்டு, கிராஸ் விழுந்த இடங்கள் இறங்கிய பிறகு ஓரத்தைச் சமமாக வெட்ட வேண்டும் என்று தையல் கற்றுக்கொடுக்கிறவர்கள் சொல்வார்கள். தன் எடையாலேயே துணி ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஈரம் இந்தக் கதையை மோசமாக்குகிறது, எடையைக் கூட்டுவதால் மட்டும் அல்ல. பருத்தியின் செல்லுலோஸ் இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் உள்ளே போனதும் அவற்றில் பல விடுபடுகின்றன. காயும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி கட்டிக்கொள்கின்றன. இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிப்பது எதற்காகவோ, ஈரச் சட்டை ஹேங்கரில் காயும்போதும் அதே வேலைதான் நடக்கிறது. ஹேங்கரே இஸ்திரிப் பெட்டியாகிவிடுகிறது. அதனால் காய்ந்த சட்டையைத் தொங்கவிட்டால் விழும் கொம்பு லேசானது. ஈரச் சட்டையில் விழும் கொம்பு அடுத்த துவைப்பு வரை நிற்கும். கம்பளிக்கும் இது பொருந்தும். விஸ்கோஸ் ரேயான் ஈரமானால் தன் வலுவில் பெரும் பங்கை இழந்துவிடுகிறது, ஆகவே அது இன்னும் ஆபத்து. பாலியெஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, அதனால்தான் அதைக் கம்பியில் போட்டாலும் தப்பித்துக்கொள்கிறது. ஆடையின் உட்பக்க லேபிளில் ஒரு சதுரத்துக்குள் படுக்கைக்கோடு போட்டிருந்தால் ‘படுக்கவைத்துக் காய வை’ என்று பொருள். செங்குத்துக் கோடு என்றால் தொங்கவிடலாம். இந்தக் குறியை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம் என்று கேட்டால் அரங்கம் அமைதியாகிவிடும்.

இனி சாய்வு. நான் அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான். சட்டையின் தோள், கழுத்தோரத்திலிருந்து தோள் மூட்டு வரை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தில் 5 சென்டிமீட்டர் அளவு இறங்குகிறது. ஆளுக்கு ஆள் மாறினாலும் 20 டிகிரியை ஒட்டிய சாய்வு என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் மலிவான பிளாஸ்டிக் ஹேங்கர் 10 டிகிரி சாய்வோடு இருந்தால், 15 சென்டிமீட்டர் தள்ளி முனைக்குப் போகும்போது இரண்டுக்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. துணியின் தோள் அவ்வளவு கீழே இறங்க நினைக்கிறது, ஹேங்கரின் முனை விடுவதில்லை. நடுவில் துணி ஹேங்கரைத் தொடவே தொடாது. முழு எடையும் இரண்டு முனைகளில், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடத்தில் வந்து நிற்கிறது. சற்றுமுன் போட்ட பரப்புக் கணக்கு இங்கே குப்பைக்குப் போகிறது. 4 சென்டிமீட்டர் அகல மரத் தோளாக இருந்தாலும் முனையில் மட்டும் தொட்டால் அது தடித்த கம்பிதான். சாய்வு கூடிப்போனால் நேர் எதிர். எடை கழுத்தோரத்தில் விழும், காலரின் பின்பக்கம் இழுபடும், தோள் முனை தாங்கலில்லாமல் தொங்கிச் சுருங்கும். ஆகவே பரப்பைப் பயன்படுத்திக்கொள்ளச் சாய்வு பொருந்த வேண்டும். சாய்வு பொருந்தாத ஹேங்கரில் அகலத்தைக் கூட்டினால் கொம்பு முளைக்கும் இடம் மாறுமே தவிர கொம்பு போகாது.

அகலத்துக்கு ஒரு விதி போதும். ஹேங்கரின் முனை தோள்-கை தையலுக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உள்ளே நிற்க வேண்டும். தையலைத் தாண்டினால் கையின் தலைப்பகுதி புடைக்கும். மிகவும் உள்ளே போனால் தோள் ஓரம் மடியும்.

இவற்றை வைத்து ஹேங்கரை வரையலாம். கடைகளில் பார்க்கும் நீளும் ஹேங்கர்களில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் போகும். நீட்டியதும் தோளின் நடுவிலேயே ஒரு படி விழுகிறது, பெரிய குழாய் முடிந்து சிறிய குழாய் தொடங்கும் இடம். துணியின்மேல் அந்தப் படி அப்படியே பதியும். இதற்கு விடை ஆடையிலேயே இருக்கிறது. சட்டையின் கழுத்து சுமார் 15 சென்டிமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கிறது. அந்த இடத்தில் ஹேங்கர் எதையும் தாங்குவதில்லை. இயந்திரம் முழுவதையும் அங்கே ஒளித்துவைக்கலாம். கிடைமட்டமாக அளந்தால் 15.5 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரே துண்டாகச் செய்த அகலத் தோள் இரண்டு. முழுதாக விரிந்தால் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து 7.5 சென்டிமீட்டர் தள்ளி, சரியாகக் கழுத்தோரத்தில் தொடங்கும்; மொத்த அகலம் 46 சென்டிமீட்டர். உள்ளே தள்ளினால் தோளின் உட்பகுதி கழுத்துத் திறப்புக்குள் நுழைந்துகொள்ளும். அகலம் 36 ஆகும். அப்போதும் நடுவில் கொக்கிக்கும் பற்சக்கரத்துக்கும் 5 சென்டிமீட்டர் இடம் மிஞ்சும். துணியின்மேல் எந்த நிலையிலும் இணைப்பு வருவதில்லை. 46க்கு மேல் நீட்டினால் இணைப்பு வெளியே வந்துவிடும், ஆகவே இந்த ஹேங்கரின் எல்லையைக் கழுத்தே தீர்மானிக்கிறது. குழந்தைச் சட்டையிலிருந்து அப்பாவின் கோட் வரை ஒன்றே போதும் என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். குழந்தைகளுக்குத் தனி ஹேங்கர் வேண்டும்.

இரண்டு தோளும் சமமாக நகர வேண்டும். ஒன்று 3 சென்டிமீட்டர், மற்றது 5 சென்டிமீட்டர் என்று நகர்ந்தால் கொக்கி நடுவில் இராது, ஹேங்கர் எடை கூடிய தட்டுப் பக்கம் சாயும் தராசுபோல ஒருபக்கம் இறங்கும், சட்டை சரியும். நடுவில் ஒரு சிறு பற்சக்கரம், அதன் மேலும் கீழும் எதிரெதிராக ஓடும் இரண்டு பல்வரிசைச் சட்டங்கள் என்று வைத்தால் ஒன்றை இழுக்கும்போதே மற்றது அதே அளவு நகரும். பூட்டு எந்தத் திசையில் வேண்டும் என்பதையும் ஆடையே சொல்லிவிடுகிறது. தோள் வெளிப்பக்கமாகச் சரிந்திருப்பதால் துணி அதன்மேல் செலுத்தும் அழுத்தம் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் போகிறது. வெளிப்பக்கமாகத் தள்ளும் விசையே இல்லை. எனவே உள்ளே போவதை மட்டும் தடுக்கும் பல்லும் தாழும் போதும். விரிக்க இழுத்தால் போதும், சுருக்க ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். சில வடிவமைப்புகளில் ஸ்பிரிங் வைத்துத் தோள்களை வெளிப்பக்கம் தள்ளவிடுகிறார்கள். சட்டைக்கு ஏற்றபடி தானாகவே விரிந்துகொள்ளும் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஸ்பிரிங் இரவு பகலாகத் துணியை இழுத்துக்கொண்டேயிருக்கும். உருவத்தைக் காக்க வந்த பொருளே உருவத்தைக் கெடுக்கும் வேலையைச் செய்வது வேடிக்கைதான்.

சாய்வுக்கு, தோள் இணையும் இடத்தில் கீல் ஒன்று வைத்து மூன்று நிலைகள் கொடுத்தால் போதும்: 16, 20, 24 டிகிரி. நுணுக்கமாக ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு நிலை வைப்பது படத்தில் அழகாக இருக்கும், வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். மூன்று நிலை இருந்தால் பொருத்தமின்மை பெரும்பாலும் இரண்டு டிகிரிக்குள் அடங்கும். 15 சென்டிமீட்டர் தூரத்தில் அது அரை சென்டிமீட்டர் வித்தியாசம்தான். முனையைப் பெரிய வளைவோடு உருட்டிவிட்டால் அந்த அரை சென்டிமீட்டரைத் துணியே சமாளித்துக்கொள்ளும். அந்தக் கீல் தோளை முழுவதுமாகக் கீழே மடக்கவும் உதவினால், டி-ஷர்ட்டைத் தொங்கவிட்டே பழகியவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. டி-ஷர்ட்டின் கழுத்து ரிப்பை அகலமாக இழுத்து ஹேங்கரை உள்ளே திணிக்கும் பழக்கத்தால்தான் பல டி-ஷர்ட்களின் கழுத்து தளர்ந்துபோகிறது. மடக்கி நுழைத்து, உள்ளே போனபின் விரித்தால் ரிப் தப்பிக்கும்.

மறுப்புகள் எழுவது நியாயமே. முதலாவது, மடித்து வைத்தால் போகிறது, எதற்கு இத்தனை பாடு என்பது. வேட்டியையும் சேலையையும் காலங்காலமாக மடித்துத்தானே வைத்தோம்? உண்மைதான், தைக்காத துணிக்குத் தோளே கிடையாது, மடிப்புதான் அதற்கு ஏற்றது. பட்டுச் சேலையில்கூட ஜரிகை மடிப்பில் ஒடியாமலிருக்க அவ்வப்போது மடிப்பை மாற்றி வைக்கிறோம். பின்னலாடைக்கும் மடிப்பே நல்லது. அருங்காட்சியகங்களில் ஆடைகளைப் பாதுகாப்பவர்கள் பஞ்சு வைத்துத் துணி சுற்றிய ஹேங்கர்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பின்னலாடை, கிராஸ் வெட்டு, மணி கோத்த கனத்த ஆடைகளை எவ்வளவு நல்ல ஹேங்கர் கிடைத்தாலும் தொங்கவிடாமல் படுக்கவைத்தே வைக்கிறார்கள். இந்த மறுப்பை நான் முழுவதுமாக ஏற்கிறேன். ஏற்றபின் மிஞ்சுவது என்ன என்பதே என் கேள்வி. கோட், பிளேசர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, சீருடை, தோளில் உருவம் வைத்துத் தைத்த பெண்களின் மேலாடைகள். இவற்றை மடித்தால் தையல்காரர் தோளில் ஏற்றிய உருவம் மடிப்பில் நசுங்கிவிடும். ஹேங்கர் இவற்றுக்காகத்தான். கனத்த ஸ்வெட்டரை எங்கள் ஹேங்கரில் மாட்டலாம் என்று பெட்டியில் அச்சிடும் வடிவமைப்பாளர் தன் பொருளையே அறியாதவர்.

இரண்டாவது விலை. கம்பி ஹேங்கர் லாண்டரியில் சும்மா வருகிறது. சீனத்திலிருந்து வந்த கம்பி ஹேங்கர்களின் விலை மலிவைத் தாங்காமல் 2008இல் அமெரிக்கா அவற்றின்மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரியே போட வேண்டியிருந்தது. அந்த விலையோடு பற்சக்கரம் வைத்த ஹேங்கர் ஒருநாளும் போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். ஒரு வீட்டில் இப்படிப்பட்ட ஹேங்கர் நாலைந்து இருந்தால் போதும். பல ஆயிரம் கொடுத்துத் தைத்த கோட்டின் தோளைக் காக்க அதில் சிறு பங்கைச் செலவழிப்பதில் நஷ்டம் எதுவுமில்லை.

இடத்தைப் பற்றிய மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. 4 சென்டிமீட்டர் தோள் என்றால் ஒரு மீட்டர் குழாயில் கம்பி ஹேங்கர் ஐம்பது மாட்டும் இடத்தில் இது இருபதுக்கு மேல் போகாது. நம் வீட்டு இரும்பு பீரோவின் உள் ஆழம் ஒன்றரை அடியை ஒட்டித்தான் இருக்கும்; 46 சென்டிமீட்டர் ஹேங்கர் அதில் கதவை முட்டும். இதற்கு நேர்மையான பதில், பீரோவுக்கேற்ப அகலத்தை 42 அளவில் நிறுத்திக்கொள்வதுதான். பெரும்பாலான சட்டைகளுக்கு அது சரியாகவும் இருக்கும். அகலத்தை மாற்றும் வசதிக்கு உண்மையான பயன் இங்கேதான் கிடைக்கிறது. பெரிய கோட்டைப் பொறுத்தவரை ஹேங்கரைக் குறை சொல்லிப் பயனில்லை, பீரோவைத்தான் மாற்ற வேண்டும்.

கடைசியாக, யார் தினமும் இதைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள் என்ற கேள்வி. யாரும் திருப்பமாட்டார்கள். அப்படித் திருப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் வடிவமைப்பு தோற்றுவிடும். ஒருவருடைய தோள் மாதாமாதம் மாறுவதில்லை. வாங்கிய அன்று ஒருமுறை அவரவர் தோளுக்கு ஏற்ப வைத்துவிட்டால் பிறகு அது அப்பாவின் ஹேங்கர், இது அக்காவின் ஹேங்கர் என்று நிற்கும். அடிக்கடி இயங்காத பல்லும் கீலும் சீக்கிரம் தேய்வதுமில்லை. ஆகவே நகரும் பாகம் கெட்டுப்போகும் என்ற அச்சத்துக்கும் பாதி பதில் இதிலேயே கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதி பொருளில் இருக்கிறது: கடைகளில் சட்டையோடு வரும் கண்ணாடிபோன்ற பாலிஸ்டைரீன் எளிதில் உடையும், பல்வரிசைக்கு அது உதவாது. பாலிபுரொப்பிலீன் அவ்வளவு எளிதில் உடையாது, ஆனால் நீண்ட சுமையில் மெல்லத் தளரும் குணமுள்ளது. ஆகவே சட்டத்துக்குத் தடிமன் கொடுக்க வேண்டும். கொக்கி எஃகாக இருக்கட்டும், ஈரச் சட்டை தொங்கும் என்பதால் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

இந்த அரங்கில் ஆடைத் தொழிற்சாலைகளோடு தொடர்புள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு சட்டைக்கும் தோள் அகலமும் தோள் இறக்கமும் உங்கள் அளவு அட்டவணையில் ஏற்கெனவே எழுதியிருக்கின்றன. அந்த இரண்டு எண்களையும் லேபிளில் அளவு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். ஹேங்கர் செய்கிறவர்களும் தங்கள் ஹேங்கரின் அகலத்தையும் சாய்வையும் அதில் பொறிக்கட்டும். வாங்குகிறவர் எண்ணை எண்ணோடு பொருத்திப் பார்த்துக்கொள்வார். அதற்கு ஒரு வரி மைக்கு மேல் செலவில்லை.